இடப்பக்கம் இரண்டு விரல்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. விரலிடுக்கில் இன்னும் தையல் மிஷின் எண்ணெய் வாசனை போகவில்லை. சோற்றில் கை வைத்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கிறது. திருவிழாக் காலம் முழுக்க இந்த வாசனையோடுதான் வீட்டுக்குள் வருவீர்கள். "சோத்துல எண்ணெய் நாத்தம் அடிக்குது, போய்க் கழுவிட்டு வாங்க" என்று எத்தனை தரம் விரட்டியிருப்பேன்! இன்று என்னை விரட்ட ஆளில்லை. ஆனால் உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நம் துப்பாக்கி நேராகச் சுட்டுவிட்டது.

உங்கள் அப்பா ஜங்ஷனில் போர்ட்டராக இருந்தபோது, ஊரைவிட்டுப் போன ஓர் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு அவர் கையில் கொடுத்துவிட்டுப்போன ஏர்கன் அது. மற்ற பலூன் சுடும் கடைகளில் இருப்பதைக் குழாயோடு ஒடித்து மடக்குவார்கள். நம்முடையதில் குழாய்க்கு அடியில் நீளமாக ஒரு லீவர் இருக்கும், அதை இழுத்தால்தான் ஸ்பிரிங் இறுகும். அதில் உங்களுக்கு அப்படி ஒரு பெருமை. கல்யாணமான புதிதில், "என்னைவிட அதைத்தான் இவரு அதிகம் தொடுறாரு" என்று நான் முணுமுணுத்ததை உங்கள் அம்மாவிடமே போய்ச் சொல்லிச் சிரித்த மனுஷன் நீங்கள்.

மற்ற நாட்களில் செராமிக் சூளையில் வேலை, திருவிழா வந்தால் பலூன் கடை. மாசி மகம், ஸ்ரீமுஷ்ணம் தேர், நம் மாதா கோயில் திருவிழா என்று ஒன்றையும் விட்டதில்லை. பரிசுக்கு நான் பினிஷிங் செய்யும் பட்டறையிலிருந்து பீங்கான் பொம்மைகள் வரும். காது சின்னதாய்ப் போன யானை, மூக்கு வளைந்த கிளி, குண்டு உண்டியல். பலூனை எலுமிச்சம்பழ அளவுக்குமேல் ஊதமாட்டீர்கள். அதற்கு ஈடாக, சுடுகிற எல்லாரிடமும் ஒரே பாடம்தான்: "பலூனுக்கு எடப்பக்கம் ரெண்டு வெரல் தள்ளிக் குறி வைங்க. குண்டு கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சி போவும்."

கேட்டவர்கள் ஜெயித்தார்கள். மைக்செட் செல்வராசுவுக்கு யார் சொன்னாலும் கேட்கிற காது கிடையாது. நீங்கள் கடைசியாகக் கடை போட்ட வருஷம் நம் கோயில் திருவிழாவில், "எனக்கே சொல்லித் தர்றியாண்ணே" என்று நேராகக் குறி வைத்து ஆறு குண்டையும் வீணாக்கினார். அதோடு விட்டாரா? மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "பொதுமக்கள் கவனத்துக்கு. பலூன் கடையில துப்பாக்கிக் கொழாய வளச்சி வச்சிருக்காங்க. யாரும் ஏமாந்து போவாதீங்க." தெருவெல்லாம் கட்டியிருந்த மைக்செட் குழாய்களில் அது கேட்டது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பிறகு சொன்னாராம். சிரித்துவிட்டுப் போன கூட்டத்துக்கு அது விளையாட்டா என்று எப்படித் தெரியும்?

நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. பலூன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தீர்கள். "துப்பாக்கி பொய் சொல்லாது மேரி. அதுக்கு வயசாயிடுச்சி, அவ்ளோதான்" என்றீர்கள். பழைய கைலியில் சுற்றிப் பரணில் ஏற்றியதோடு சரி, பிறகு கடையே போடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். எனக்கு அந்த மைக்கின் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

போன பொங்கலுக்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்தேன். புது ஆள். வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே, "தெரியும்க்கா, கோணத் துப்பாக்கிக்காரர் வூடு இருக்குற தெருதான?" என்றார். அவர் பேரில் தப்பில்லை, ஊரில் அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள் போலிருக்கிறது. முப்பது வருஷம் நேர்மையாகக் கடை போட்ட மனுஷனுக்கு இதுவா பேர்? வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணில் ஏறினேன்.

லேத் பட்டறை கவுஸ் பாயிடம் கொண்டுபோனேன். துபாயில் ரொம்ப வருஷம் கடைசல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். குழாய்க்குள் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கொழாய் கோணல் இல்ல தங்கச்சி. வாய்தான் ஒரு பக்கமாத் தேஞ்சிருக்குது. அவரு எப்படித் தொடைப்பாரு?"

தினமும் இரும்புக் கம்பியில் எண்ணெய்த் துணி சுற்றி, துப்பாக்கியை மடியில் சாய்த்து, வாய்ப்பக்கமாக விட்டுத் துடைப்பீர்கள் என்றேன்.

"அதான். கம்பி தெனமும் ஒரே எடத்துல ஒரசியிருக்குது. பாசமாத் தொடச்சித் தொடச்சியே தேச்சிட்டாரு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பட்டறை என்றும் பாராமல் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டேன். ஊரே உங்களை ஏமாற்றுக்காரர் என்றது. நீங்கள் செய்த ஒரே தப்பு அதைத் தினமும் துடைத்ததுதான்.

உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன என்று சொல்லி, வாயிலிருந்து கட்டைவிரல் கணு அளவு வெட்டியெடுத்துப் புது வாயை லேத்தில் வட்டமாகக் கடைந்தார் பாய். குழாய் நுனியில் குறி பார்க்கும் முள்ளைப் பின்னால் தள்ளிப் பொருத்தினார். காற்றை அடைக்கும் தோல் வாஷரை நான்தான் வெட்டினேன், மூன்று கெட்டுப்போய் நாலாவது சரியாக உட்கார்ந்தது. துப்பாக்கிக் கட்டையில் ஏறியிருந்த அழுக்கைச் சுரண்டித் தேய்த்து எண்ணெய் போட்டபோது, உங்கள் கன்னம் படுகிற இடம் மட்டும் தனி நிறமாக மின்னியது. பாய் பட்டறையில் இடுக்கியில் பிடித்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, "நேராப் போவுது, கொண்டு போ" என்றார். நான் சுடவில்லை. முதலில் அந்த மைதானத்தில்தான் சுட வேண்டும் என்று வைராக்கியம்.

போன ஞாயிறு நம் கோயில் திருவிழா. மதியத்துக்குமேல் அதே இடத்தில் கடை போட்டேன். எண்பது பொம்மை, எலுமிச்சை அளவில் பலூன். முதலில் பக்கத்துத் தெரு டீச்சர் வந்தார், பிறகு ஒரு கண்டக்டர், பிறகு புதுமாப்பிள்ளை ஒருவர். ஒரு பலூன்கூட உடையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இத்தனை பாடுபட்டு உங்களுக்கு இரண்டாம் முறையாக அவமானம் தேடிக்கொடுத்துவிட்டேனோ என்று கண் இருட்டியது.

அந்த நேரம் பார்த்துச் செல்வராசு வந்தார். "இன்னும் கோணல் போவலையாண்ணி?"

மற்ற மூன்று பேரிடமும் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். "எடப்பக்கம் ரெண்டு வெரல் தள்ளி வைங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று, அதே பிடிவாதத்தோடு, நேராகக் குறி வைத்தார்.

டப்! அடுத்தது டப்! மூன்றாவது உடைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கியின் வாயை நேராக்கிவிட்டு என் வாயை நேராக்க மறந்திருக்கிறேன்! உங்கள் பாடத்தை ஒப்பித்து மூன்று பேரைத் தோற்கடித்திருக்கிறேன்! ஆறாவதும் உடைந்தது. அவர் துப்பாக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "டீச்சர், கண்டக்டர் சார், மாப்ள, எல்லாரும் திரும்பி வாங்க! நேரா வைங்க, நேரா!" என்று கத்தினேன்.

அதற்குமேல் கேட்க வேண்டுமா! பொழுது சாய்வதற்குள் பொம்மைத் தட்டு காலி. எண்பது பொம்மையும் எண்பது வீட்டுக்குப் போய்விட்டது. கடை போட்ட யாரும் தட்டு காலியானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். யானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற செல்வராசுவிடம் போய், "அன்னிக்கு மைக்குல சொன்னீங்க. இன்னிக்கும் மைக்குலயே சொல்லுங்க" என்றேன்.

யானையோடு நேரே மேடைக்குப் போனார். "பொதுமக்கள் கவனத்துக்கு. பலூன் கடைத் துப்பாக்கி நேரா இருக்குது. அன்னிக்கும் அண்ணன் யாரையும் ஏமாத்தல. அவரு சொன்னத நான் கேக்கல, தப்பு எம்மேலதான். அண்ணி மன்னிக்கணும்." தெருவெல்லாம் கேட்டது. ஒரு குழாய் கல்லறைத் தோட்டத்து மதில் பக்கம் பார்த்துக் கட்டியிருந்தது, உங்களுக்கும் கேட்டிருக்கும்.

எல்லாரும் தேர் பார்க்கப் போன பிறகு ஒரு பலூன் மிச்சம் இருந்தது. நான் சுட்டேன். இடப்பக்கம் சரியாக இரண்டு விரல் தள்ளிப் போனது குண்டு. துப்பாக்கியைத் திருத்தியாயிற்று, என்னைத் திருத்த எந்த லேத்தும் இல்லை. உங்கள் கை தேய்த்த அந்த வெட்டுத் துண்டை வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் விரல் அந்தத் தேய்ந்த பக்கத்தைத் தேடித் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது.