மானிய அதிகாரி உனக்காகக் காத்திருந்தார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

மானிய அதிகாரியிடம் உன்னை நான் காட்டிக்கொடுத்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உனக்கும் யாராவது ஃபோனில் சொல்லியிருப்பார்கள். அது தவறு. கான்வென்ட்டில் படித்த அம்மாவுக்குப் பொய் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று பக்கத்து வீட்டு டிராக்டர்காரர் கேலி செய்கிறாராம். அதுவும் தவறு. அன்று நான் பொய் சொல்லத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பருத்தி மானியம், வீட்டில் தங்கிப் பயிர் செய்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நீ வெளிநாடு போன பிறகும் உன் பங்கு வந்துகொண்டிருந்தது. பருத்தி எடுக்கிறவர்களுக்குக் கூலி கொடுத்தது அதில்தான். இந்த வருஷம் வீடுவீடாக வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் தெருவே துணி துவைத்தது. ஊரில் இல்லாத பிள்ளைகளின் சட்டையெல்லாம் கொடியில் ஏறியது. டிராக்டர்காரர் மனைவி தன் மகன்களின் பழைய செருப்புகளில் சேறு பூசி வாசலில் விட்டாள். கெட்டிக்காரி. நானும் உன் நீலச் சட்டையை மடிப்புக் கோடு போகும்வரை அலசிப் போட்டேன். கழுத்துப் பொத்தான் ஒன்று இல்லை, தைத்தேன். பொய்யென்றாலும் ஒழுங்காக இருக்கட்டும்.

அதிகாரி சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். மகன் எங்கே என்றார். உரம் வாங்கப் போயிருக்கிறான் என்றேன், குரல் பிசகவில்லை. அவர் கொடியைப் பார்த்துத் தலையாட்டினார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ, மகனின் கையெழுத்து வேண்டும், வரும்வரை இருக்கிறேன் என்று நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காப்பி கொடுத்தேன். மகன் பொறுப்பானவரா என்று கேட்டார். மருந்து தெளிக்கும் மெஷினை நீயே பிரித்து மாட்டியதைச் சொன்னேன். காயைப் பார்த்தே நாளை வெடிக்குமா என்று சொல்லிவிடுவான் என்றேன். காலையில்தான் நீ வெளியே போனதுபோலப் பேசிக்கொண்டிருந்தேன். தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உனக்காகக் காத்திருக்க எனக்கு ஒரு துணை கிடைத்தது அன்றுதான்.

ஒரு வண்டி வாசலில் வேகம் குறைந்தது. அவர் எழுந்தே விட்டார். அது தாண்டிப் போனது.

“நீங்க கிளம்புங்க தம்பி. அவன் வரமாட்டான்” என்றேன்.

மானியத்தை நினைத்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானேகூட.

அவர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, “எத்தனை வருஷமாச்சும்மா?” என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வீடுகளில் அவர் துருவிக் கேட்டிருக்கிறார். டிராக்டர்காரர் மகன்களின் பங்கும் நின்றுவிட்டது. இனி நம் நிலத்தை உழமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அவர் மனைவி என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறாள். நின்று நாலு வார்த்தை பேசுகிற பால்காரர்கூட ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு ஒன்றும் குறையில்லை. அவர்களே வந்து பேசட்டும்.

விதைப்புக்கு முன் வந்துவிடுவதாக நீ உன் கையால் எழுதித் தந்தால் நின்ற பங்கைத் திரும்பத் தருவார்களாம். வரப்போவதில்லை என்றால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவேன். ஒருத்தியாக இன்னொரு வருஷம் பருத்தி எடுக்க என்னால் முடியாது. இதை முறையீடாக எடுத்துக்கொள்ளாதே, விவரம் சொல்கிறேன். ஃபோனில் கேட்டால் “பாக்கலாம்மா” என்கிறாய். அந்தப் பதிலோடு நான் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

வருவாயா மாட்டாயா என்று ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பு. மாட்டேன் என்றாலும் எழுது.

அம்மா