கடிகாரத்தின் ஈமெயில்

அன்புள்ள அப்பாவுக்கு,

மஸ்கட்டிலிருந்து பானுப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

நான் வாங்கித் தந்த கைக்கடிகாரம் உங்கள் நாடித்துடிப்பைத் தினமும் என் ஈமெயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அல்லவா? போன வாரம், அந்தக் கணக்கின் ஈமெயில் முகவரி மாற்றப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. ஏதோ மோசடி என்று பதறிக் கம்பெனியில் விசாரித்தேன். உங்கள் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டுத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்றார்கள். உங்கள் போனை வாங்கிப் பார்க்கிற ஆள் எதிர்வீட்டு சபீனா ஒருத்திதான். அவளைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"உங்க அப்பாதான் என் ஈமெயிலுக்கு மாத்தித் தரச் சொன்னாங்க அக்கா. பார்த்தா நீங்க பயந்துடுவீங்களாம். புத்தூர் டாக்டர்கூட..." என்றவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பாவம், அவளைத் திட்டாதீர்கள்.

திருவெறும்பூரிலிருந்து, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற புத்தூர் வரைக்கும் எதற்குப் போனீர்கள்? பல்வலி என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் நம்ப மாட்டேன்.

காலையில் அந்த மெயிலைப் பார்த்த பிறகுதான் இங்கே காபி போடுவேன். இப்போது நீங்கள் எழுந்துவிட்டீர்களா என்றுகூடத் தெரியவில்லை. சபீனாவிடம் சொல்லி என் முகவரியையே திரும்பப் போடச் சொல்லுங்கள். நான் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், அப்பா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பானு