மூன்றாவது ஓலை

14-6-2004, மஞ்சக்குப்பம்
ரேகா மருமகளாக வந்து ஒரு மாதம். வயது இருபத்திரண்டு. என் மகன் சகாயம் எது சொன்னாலும் "சரிங்க." நான் எது சொன்னாலும் "சரிங்க அத்தை." குரல் உயர்த்தக் கூடாது என்று கான்வென்ட்டில் எங்களை அடித்துப் பழக்கினார்கள். இவளுக்கு யார் பழக்கியது? இவ்வளவு அடக்கம் இயல்பாக வருமா?

7-12-2008
விபத்தில் சகாயம் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. தாய் வீட்டில் கூப்பிட்டும் ரேகா போகவில்லை. எதற்காக இங்கே இருக்கிறாள்?

4-8-2011
ரேகாவுக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூட வேலை. ஆறு மணிக்குள் வருகிறவள் இன்றும் தாமதம். போன வியாழனும் இப்படித்தான். "பஸ்ல கூட்டம் அத்தை." வியாழக்கிழமை மட்டும் கூட்டமா? செருப்பைக் கழற்றும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

2-10-2011
நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார், லூர்துசாமி. மனைவியை இழந்தவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்கிறாராம்.
"நீங்க வேணாம்னா வேணாம் அத்தை."
பொறுப்பை என் தலையில் போட்டுவிட்டாள்.
"என் மகன் உனக்கு என்ன குறை வச்சான்?"
"ஒரு குறையும் வைக்கல. உனக்கு என்ன புடிக்கும்னு ஒரு தடவகூட கேட்டதில்ல. அவ்ளோதான்."
செத்தவன் மேல் குறை.

16-10-2011
அந்த ஆளை வரச் சொன்னேன். நாற்பது இருக்கும். காபி எப்படி என்று கேட்டேன். "சர்க்கரை ஜாஸ்திங்கம்மா." புகழ்ந்திருந்தால் வீட்டின் மேல் கண் என்று முடிவு கட்டியிருப்பேன். புகழாதது அதைவிடப் பெரிய தந்திரமோ? பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

1-1-2012
முந்தாநாள் அடித்த புயலில் ஊரே சாய்ந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மதியம் அந்த ஆள் சைக்கிளில் வந்து நின்றார். சிதம்பரத்திலிருந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல். விழுந்த மரங்களுக்கு மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கிக் கையெல்லாம் சிராய்ப்பு. ரேகா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.
"ஒயரு அறுந்து கெடக்குது, யாரு உன்ன வரச் சொன்னா? அறிவிருக்கா?"
"போன எடுத்திருந்தா நான் ஏன் வர்றேன்?"
"டவரே விழுந்து கெடக்குது, எங்க எடுக்கறது? கணக்கு வாத்தியாராம்."
"சரி, திரும்பிப் போறேன்."
"போ. கால ஒடிச்சிருவேன்."
தெருவுக்கே கேட்டிருக்கும். மூத்த மனிதரை "நீ" என்கிறாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இந்தக் குரல் இத்தனை வருஷம் எங்கே இருந்தது? சகாயத்திடம் இவள் ஒரு நாள் கோபித்துக்கொண்டதில்லை — ஒரு நாளும்.
நானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

11-2-2012
"வேணாம்னு நான் சொல்லலியே" என்றேன் ரேகாவிடம். அழுதாள். உற்றுப் பார்த்தேன். உண்மையான அழுகைதான்.

29-4-2012
இவர்கள் கல்யாணத்துக்கு மூன்றாவது ஓலை இன்று. மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். முதல் இரண்டுக்கும் முழங்கால் வலி என்று போகவில்லை. இன்று முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசித்துவிட்டு அவர் நிறுத்தினார். கோயிலே என்னைத்தான் பார்த்தது. அந்த நேரம் பார்த்து இருமல். தொண்டை அரிக்கிறது, கண்ணில் நீர். முந்தானையை வாயில் அழுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடுத்த அறிவிப்புக்குப் போகும்வரை இருமவே இல்லை.