பிளேட்டின் ஓரத்தில் என் விரல்

ஆமாம், விரலால்தான் பிடிக்கிறேன், வேறு எதனால் பிடிப்பது? பக்கத்து ஊரான செங்கிலிருந்து புதிதாக வந்த ஒருவனிடம் இப்போதுதான் இப்படி எரிந்து விழுந்துவிட்டு வந்தேன், அண்ணே. கிராமபோன் பெட்டியில் உங்கள் பிளேட் பாடும்போது சுழலும் தட்டின் ஓரத்தில் ஏன் விரலை வைத்துக்கொண்டே நிற்கிறாய், கடைசி அடியில் மட்டும் ஏன் எடுத்துவிடுகிறாய் என்று கேட்டான். அவனுக்கு விளக்க எனக்குப் பொறுமையில்லை. என் பொறுமை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

விரல் நுனி காய்த்துப் போய்விட்டது. இந்த விரலுக்கு இப்போது உங்கள் சுருதி தெரியும். எனக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

நான் எதிலும் நின்றவன் இல்லை. இங்கிலீஷ் பள்ளியிலிருந்து ஓடினேன். ஜப்பான்காரன் வந்து பள்ளி திறந்தான், அங்கிருந்தும் ஓடினேன். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் பாயின் காப்பிக் கடைப் பாட்டுப்பெட்டிக்கு விசை சுற்றும் வேலையில் மட்டும்தான் நின்றேன். சண்டைக்கு முன்னால் கப்பலில் புதுப் பிளேட்டுகள் வரும். பண்டார் ஹிலிரில் அதை விற்கும் கடை வாசலில் நின்று அட்டையில் இருக்கும் படங்களைப் பார்ப்போம். சண்டை வந்ததும் கப்பல் நின்றது. பிளேட் நின்றது. இரும்பு முள்ளும் தீர்ந்து போய், மூங்கிலைச் சீவி முள் செய்தேன். காப்பி என்ற பெயரில் பாய் வறுத்த சோளத் தண்ணீரை ஊற்றினார். இருந்த பிளேட்டுகளில் எல்லோரும் கேட்டது உங்கள் ஓடக்காரன் பாட்டைத்தான். அட்டை எப்போதோ கிழிந்துவிட்டதால் உங்கள் முகம் எங்களில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் கையில் ஒரு துணிமூட்டையோடு கடைக்குள் வந்தீர்கள். நாடகக் கம்பெனியோடு இந்தியாவிலிருந்து வந்தவர். சிங்கப்பூரில் கம்பெனி கலைந்துவிட்டது. ஊர் திரும்பக் கப்பல் இல்லை. "மலாக்காவுலதான் எம் பிளேட் நெறைய போச்சுன்னாங்க. அதான் வந்தேன்," என்றீர்கள்.

பாய் உங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அந்தப் பாட்டுக்காரர்னா இந்தக் கடையே ஒங்க கடை. இல்லன்னா மன்னிச்சுக்குங்க. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் புடிக்கிறான். வந்து, இது யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

கேட்க யாருமில்லாத ஆள்தான் முதலில் லாரியில் ஏற்றப்படுவான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினீர்கள்.

கனத்த குரல். நிதானமான குரல். எங்களுக்குப் பிடிக்கவில்லை.

"இது எரும தண்ணில எறங்குன மாதிரி இருக்கு," என்றான் மாட்டுவண்டி முனியன். "எங்க பாட்டுக்காரர் கொரலு கிளி மாதிரி இருக்கும்யா. டேய், போடுடா பிளேட்ட. ஐயா கேட்டுத் தெரிஞ்சிக்கட்டும்."

போட்டேன். கூடவே பாடப் பார்த்தீர்கள். குரல் மேலே போய் எட்டாமல் உடைந்தது. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அண்ணே. சிரிக்காதவர் ஒருவர்தான்: செட்டிகளின் கிராமமான கம்போங்கிலிருந்து தினமும் வரும் செட்டி மாமா. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிய குடும்பம், அவருக்குத் தமிழ் பேச வராது. வீட்டில் மலாய்தான். ஆனால் ஓடக்காரன் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒலி பிசகாமல் பாடுவார். அவர் தலையைச் சாய்த்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டீர்கள். பிளேட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடிக்கு முன்னால் ஒரு சின்னத் தொண்டைச் செருமல் வருமே, அந்த இடம் வந்தது. வழக்கம்போல் கடை முழுக்க ஒரே குரலில் "க்கும்!" என்றோம்.

திரும்பினீர்கள். "இத எதுக்குச் செய்யிறீங்க?"

"அதுதான்யா அந்தப் பாட்டோட அழகே. ஒனக்கெங்க புரியப்போவுது?"

"அழகா? அட பாவிங்களா, அது சளி!"

வாசற்படியில் நின்று நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அன்னைக்கு எனக்கு நல்ல சளி. இன்னொரு தடவ பாடறேன்னு கெஞ்சினேன். பாட்டுப் பதியிற மெழுகு வீணாப் போவும், இதுவே போதும்னுட்டான் கம்பெனிக்காரன்."

"கத நல்லாத்தான் விடறாரு," என்றான் முனியன்.

நீங்கள் பெட்டியின் அருகே வந்து குனிந்து, பிளேட் சுழல்வதையே பார்த்தீர்கள். "தம்பி, இது ஓடுதா, பறக்குதா?"

"எப்பவும் இப்படித்தாண்ணே. வேகம் கொறைக்கிற திருகு தேஞ்சு போச்சு. மாத்த சாமான் கெடையாது."

"நான் பாடுனது நாலு கட்டை. இவன் அஞ்சுல நிக்கிறான்." முள்ளை எடுத்து மறுபடியும் முதலில் வைக்கச் சொன்னீர்கள். ஆள்காட்டி விரலைத் தட்டின் ஓரத்தில், குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல, வைத்தீர்கள். கிளியின் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கி ஒரு மனிதக் குரலாயிற்று. அதனோடு சேர்ந்து பாடினீர்கள். எது பிளேட், எது நீங்கள் என்று தெரியவில்லை. மூச்சு எடுக்கும் இடம்கூட ஒன்றாயிருந்தது. செருமல் வந்தபோது யாரும் "க்கும்" போடவில்லை. நீங்கள் மட்டும் போட்டீர்கள், எங்களைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

"பெத்துல்! இத்து சுவாரா!" அதே குரல்தான் என்று செட்டி மாமா மலாயில் கத்திக்கொண்டே எழுந்துவிட்டார். அந்தப் பாட்டின் பொருள் அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. குரலை மட்டும் கேட்டு வந்தவர். அவர் சொன்ன பிறகு முனியனும் நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டான். பாய் போய் உங்கள் மூட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கடையின் பின்னறை உங்கள் வீடு. சாயங்காலம் ஆனால் பாட்டு. ஆள் பிடிக்க வந்தபோது முதலில் முன்னால் போய் நின்றது யார்? முனியன்தான். "இவரு எங்க ஆளுங்க. எந்த வீட்டுல வேணா கேட்டுப் பாருங்க," என்றான். எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னீர்கள்: "பிளேட் எங்கொரல எடுத்துக்கிட்டுப் போச்சு தம்பி. யார்கிட்டப் போச்சுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லல. இப்பத்தான் தெரியுது." ஊரில் மேடையில் பாடியபோது தெரியாததா என்று கேட்டேன். "மேடையிலேர்ந்து பாத்தா இருட்டுதாண்டா தெரியும். கைதட்டு மட்டும்தான் வரும். இங்க கெழங்கு வருது, கருவாடு வருது, 'நேத்து ரெண்டாவது அடி சரியில்ல'ன்னு திட்டு வருது."

தெங்கேராவிலிருந்து ஒரு அக்காள் வந்தார், நினைவிருக்கிறதா? பழைய வேகத்தில், அந்தக் கிளிக் குரலில் பாடச் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு சயாமுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க ஒக்காந்து கேட்டது அதத்தான். எனக்கு அதுதான் வேணும்." நான் பெட்டியைக் காட்டி, விரலை எடுத்தால் அந்தக் குரல் வந்துவிடும், அதையே கேளுங்கள் என்றேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள். "அவங்க கேக்குறது பிளேட்டுல பறக்குற எந்தம்பியடா. கொஞ்சம் ஒசரத்துல இருக்கான். போய்ப் பாக்குறேன்." குரலை மேலே ஏற்றிப் போனீர்கள். இரண்டாவது அடியிலேயே தொண்டை கிழிந்து, கோழி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்த அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "போதுங்கண்ணே, ஒங்க கொரலே போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வந்த நாளெல்லாம் உங்கள் குரலைத்தான் கேட்டார்.

மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து எங்கும் இல்லை. முனியன் வண்டியைப் பூட்டிக்கொண்டு கேட்காத இடமில்லை. செட்டி மாமா ஏதோ பட்டையைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். காய்ச்சல் எதற்கும் கேட்கவில்லை. குரல்தான் முதலில் போனது. உங்கள் கடைசி நாள் மத்தியானம், விசை சுற்றுவது போல் கையால் காட்டினீர்கள். பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கி வந்தேன். புது மூங்கில் முள் போட்டேன். நீங்கள் வைத்தது போலவே விரலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். கை கொஞ்சம் அசையும். அழுத்து, அழுத்தாதே என்று. சரியான இடம் வந்ததும் கை நின்றது. செருமல் வந்தபோது உங்கள் உதடு மட்டும் அசைந்தது.

கடைசி அடி வந்தபோது என் மணிக்கட்டைத் தொட்டீர்கள். குனிந்தேன். குரலில்லாமல் மூச்சாலேயே சொன்னீர்கள்.

"விட்ரா. அவனும் பாடட்டும். ஒங்கள எனக்கு முன்னாடியே தெரிஞ்சவன் அவன்தான்."

விரலை எடுத்தேன். உங்கள் தம்பி குதித்துக்கொண்டு மேலே ஏறினான்.

அதனால்தான், அண்ணே. கடைசி அடியில் எடுத்துவிடுவது அதனால்தான். மறதியும் இல்லை, கை வலியும் இல்லை. முதலில் நீங்கள், பிறகு அவன்.

உள்ளே பாய் சத்தம் போடுகிறார். தெங்கேரா அக்காள் வந்து உட்கார்ந்துவிட்டாராம். செங்குக்காரன் பெட்டியில் கை வைத்துவிட்டான் போலிருக்கிறது, கிளி கத்துகிறது. நான் போகவேண்டும்.