கரையில் கால் வைக்காமல்

2006 யூன் 11, ஞாயிறு

பூசை முடிந்ததும் அப்பா வள்ளத்தை வான் வண்டியின் கூரையில் கட்டினார். டோர்வலில், எல்லாருக்கும் பொதுவான படகுத்துறையிலிருந்து ஆற்றில் தள்ளினோம். மன்னாரில் கடலுக்குப் போனவர், இங்கே விமான நிலையத்தில் கக்கூஸ் கழுவுகிறார். துடுப்பைப் பிடித்தால் மட்டும் முகம் மாறும்.

வழியில் ஒரு வீட்டுக் கரையில் வள்ளத்தை இழுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். புல் வெட்டிக்கொண்டிருந்த மனிதன் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடிவந்தான். எங்களைப் படம் எடுத்தான். "என்னவாம், அஜிதா?" என்றார் அப்பா. எனக்கு எல்லாம் விளங்கியது. வாய்தான் திறக்கவில்லை.

யூன் 13

நான் வேலை செய்யும் சொக்ஸ் பக்டரியில் இன்று ஒரு பெட்டி முழுக்க மாறிச் சோடி போட்டிருக்கிறேன். அந்தப் படம் பொலிசுக்குப் போயிருக்குமா? எங்கள் வதிவிடப் பேப்பர் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் மன்னாரிலிருந்து அம்மாவும் தம்பியும் வரலாம்.

யூன் 17

மேல்வீட்டுப் பேரின்பநாதன் அங்கிள் வந்தார்; நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார். "ஆறு எல்லாருக்கும், கிறகரி. கரைதான் வீட்டுக்காரன்ரை. சட்டமே இருக்கு. நீ என்ன, மன்னாரிலை உங்கடை பேசாலைக் கரையெண்டு நினைச்சியோ?"

அப்பா என்னைப் பார்த்தார். "வாசிச்சுச் சொல்லு பிள்ளை."

நூலகத்துக்குப் போனேன். சில வரிகள்தான். ஆற்றிலும் ஏரியிலும் எவரும் போகலாம். அனுமதியில்லாமல் கரையில் கால் வைக்கக் கூடாது.

அப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: "தண்ணியிலை போகலாம். கரையிலை கால் வைக்கக் கூடாது." அனுமதியைச் சொல்லவில்லை. சொன்னால் ஆர் போய்க் கேட்கிறது? நான்தானே. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்ன பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

யூன் 25

அப்பா இப்போது சாப்பாட்டையும் வள்ளத்திலேயே வைத்துச் சாப்பிடுகிறார். "சட்டம், பிள்ளை" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யூலை 9, ஞாயிறு

எழுதவேண்டும். விரல் இன்னும் விறைப்பு.

மத்தியானம் திடீரென்று வடக்குக் காற்று, மழை, மின்னல். வள்ளம் நடு ஆற்றுக்கு இழுபட்டது. அப்பா எப்படியோ வலித்து, ஒரு வீட்டுக் கரையிலிருந்து தண்ணிக்கு மேல் சரிந்து நின்ற மரக்கிளையைப் பிடித்தார். கரை நாலு முழம்கூட இல்லை.

"இறங்குவம் அப்பா."

"கால் வைக்கக் கூடாதெண்டு நீதானே சொன்னனீ. பொலிஸ் பேர் எழுதினா பேப்பர் போச்சு. கொம்மா அங்கையே கிடக்கிறதோ?"

வள்ளத்துக்குள் கணுக்கால் வரை தண்ணி. நான் கையால் இறைத்தேன். அந்தக் கிளை ஆருடையது என்றுகூட யோசித்தேன் — பைத்தியம். அப்பாவின் உதடு நீலம். வீட்டு விறாந்தையில் ஒரு மனுசி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. இரண்டு தரம் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கேள், கேளடி —

கிளை முறியும் சத்தம் கேட்டது.

"மடாம்! நாங்கள் இறங்கலாமா?" பிரெஞ்சில், தொண்டை கிழிய.

அவ மழைக்குள் ஓடிவந்து வள்ளத்தைப் பிடித்தா. "இதைக் கேட்கவா இவ்வளவு நேரம்? நான் பொலிசுக்கே போன் பண்ணிவிட்டேன்."

பொலிஸ் வந்தது. அப்பாவின் பேரை எழுதியது.

வான் வண்டிக்குள் அப்பா கேட்டார்: "கேட்டா இறங்கலாமோ? சட்டத்திலை கிடக்கோ?"

"ஓம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதலே."

அவர் வண்டியை எடுத்தார்.

யூலை 12

அப்பா இன்றைக்கும் என்னோடு கதைக்கவில்லை. அடித்தாலாவது பரவாயில்லை.

யூலை 20

தபால்காரன் வரும் நேரம் யன்னலடியில் நிற்கிறேன். என்னால்தான். அம்மா வராவிட்டால் என்னால்தான்.

ஓகஸ்ட் 4

எங்கள் பேப்பரைப் பார்க்கும் வக்கீலின் கந்தோரில் மொழிபெயர்க்கும் ஞானாம்பிகை அக்காவிடம் நானே போனேன். எல்லாம் சொன்னேன். "விசரி, ஆரைக் காப்பாத்தப் போனாலும் பொலிஸ் பேர் எழுதுவினம். அது குற்றமில்லை" என்றா. நம்பவேண்டும்போல் இருக்கிறது. முழுதாக நம்ப முடியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப இனி நீதான் கேக்கவேணும்" என்றார்.

செப்ரெம்பர் 3, ஞாயிறு

பேப்பர் இன்னும் இல்லை.

டோர்வலில் ஆற்றங்கரை வீடுகள். காற்றடித்தால் இறங்க விடுவீர்களா என்று கேட்கப் போனேன். முதல் வீட்டில் ஆளில்லை. இரண்டாவதில் முடியாது என்றார்கள். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டு மணியில் விரலை வைத்துவிட்டு, அமத்தாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அப்பா வான் கண்ணாடியை இறக்கினார். "என்னவாம்?"

"இன்னும் கேக்கேல்லை" என்றேன். அந்த மூன்றாவது வீட்டுக்கே திரும்பிப் போனேன்.