குர்ஷித் அக்காவின் டிரே

மாதனூர்
5.1.2025

அன்புள்ள மெர்சி,

உன் கடிதம் வந்தது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு பக்கம், படிப்பைப் பற்றி இரண்டு வரி. உன் அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா?

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். வீட்டில் இருப்பது அண்ணனுடைய போன். நான் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். கடிதம் என்றால் திரும்பியும் பார்க்க மாட்டான். அதனால் எழுது. உனக்கு எழுதும்போதுதான் நானும் பேசுகிறவள் என்று தோன்றுகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சேர்ந்த புதிதில் என்னை ஊமை என்றே நினைத்தார்கள்.

இப்போது மூன்றாவது லைனில் தைக்கிறேன். ஷூவின் மேல் பாகம் மட்டும். ஆளுக்கொரு டிரே, அதில் அவரவர் நம்பர். தைத்ததை அதில் போட வேண்டும். சாயங்காலம் சூப்பர்வைசர் சமீருல்லா நம்பரைப் பார்த்து எண்ணுவார்.

எனக்கு அடுத்த மிஷின் குர்ஷித் அக்கா. முழுகாமல் இருக்கிறார். முன்னே இரண்டு தங்கவில்லை. குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிக்குத் தெரிந்தால் நின்றுகொள் என்பார்கள். வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். அதனால் நாங்கள் தைத்ததில் கொஞ்சம் அவர் டிரேயில் போட்டுவிடுகிறோம். இது புதிது இல்லை. லைனில் யாருக்கு முடியாவிட்டாலும் இப்படித்தான். போன மாதம் எனக்கு வயிற்று வலி வந்த அன்று என் டிரே தானாக நிறைந்தது. யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. கேட்கவும் கூடாது. அதுதான் இங்கே வழக்கம்.

வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வருவாய்தானே?

உன்
எழில்

வேலூர்
20.1.2025

அடியே எழில்,

பொங்கலுக்கு வந்தும் உன்னோடு அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. உனக்கு லீவு முடிந்துவிட்டது, எனக்கு அத்தை வீடு, சித்தி வீடு என்று போய்விட்டது. கோபம் வேண்டாம்.

காலேஜில் ஹேக்கத்தான் என்று ஒரு போட்டி வைக்கிறார்கள். ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, ஒரு பகல் ஒரு இரவு தூங்காமல் உட்கார்ந்து, அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு வழி செய்து காட்ட வேண்டும். முதல் வருஷத்துப் பிள்ளைகளும் சேரலாமாம். என்னையும் ஒரு டீமில் போட்டிருக்கிறார்கள். தலைவன் வசந்த், சென்னைப் பையன். நான் வாயைத் திறப்பதற்குள், "மெர்சி, நீ ஸ்லைடுக்குக் கலர் அடி, அது போதும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நம்ம ஊர்ப் பிரச்சினையாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். டீமில் மற்றவர்களுக்கு இந்த ஊரே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் பேச ஆரம்பித்தால் தமிழ் மீடியம் என்று தெரிந்துவிடுமே என்று தூக்கிய கையை இறக்கிவிடுகிறேன். ஜெபம் செய்துகொள்கிறேன்.

உன்
மெர்சி

மாதனூர்
26.1.2025

அன்புள்ள மெர்சி,

தமிழ் மீடியம் என்றால் என்ன, பரீட்சை எழுதித்தானே உள்ளே போனாய்? நான்தான் பதினொன்றாவதோடு நின்றேன். நீ எதற்குத் தலையைக் குனிகிறாய்? எனக்கும் சேர்த்துத்தானே படிப்பதாகச் சொன்னாய். எனக்கும் சேர்த்துப் பேசு. கலர் அடிக்கிற வேலையை அந்த வசந்திடமே கொடு.

உன் போட்டியைப் பற்றி லைனில் எல்லாரிடமும் சொன்னேன். "நம்ம ஊமையோட தோஸ்த்து ஜெயிச்சா நமக்கு பிரியாணி" என்கிறாள் ஷஹீன் பானு. குர்ஷித் அக்காவுக்கு இப்போது வயிறு தெரிகிறது. துப்பட்டாவை அகலமாகப் போட்டுக்கொள்கிறார்.

தைரியமாக இரு.

உன்
எழில்

வேலூர்
3.2.2025

என் தங்கமே எழில்,

மூன்றாம் பரிசு! இன்று காலைதான் கொடுத்தார்கள். உன்னால்தான். கேள்.

உங்கள் லைனைத்தான் பிரச்சினையாக எடுத்தோம். நான்தான் சொன்னேன். வசந்த் முதல்முறையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஒவ்வொரு டிரேக்கு மேலேயும் ஒரு கேமரா. யாருடைய கை தளர்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். சொன்னால் அவளுக்கு ஓய்வு கொடுக்கலாம். அதற்குத் 'தோழி' என்று பேர் வைத்ததும் நான்தான்.

மேடையில் அது ஓடவே இல்லை. திரை அப்படியே நின்றுவிட்டது. வசந்த் கீபோர்டையே தட்டிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு வேகத்தில் நான் மைக்கை வாங்கினேன். நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். டிரே தானாக நிறைவதையும், மாசமாக இருக்கும் அக்காவைப் பற்றியும். யார் பேரும் சொல்லவில்லை. நடுவர்களில் ஒருவர், "இது நெஜமா நடக்குதா, இல்ல நீங்களா கட்டினதா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிஜம்தான் சார், ஆம்பூரில் என் ஃப்ரெண்டு வேலை செய்கிற லைனிலேயே நடக்கிறது என்றேன்.

முடிந்ததும் அவரே வந்து, எந்தக் கம்பெனி, எந்த லைன் என்று விசாரித்தார். சொன்னேன். "நம்ம கம்பெனிதாம்மா அது" என்று சிரித்தார். அங்கே அவர் பெரிய மேனேஜராம். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இனி உங்களுக்கு ஏதாவது நல்லது நடக்கும் பார்.

பிரியாணிக்குப் பணம் அனுப்பட்டுமா?

உன்
மெர்சி

மாதனூர்
16.2.2025

மெர்சி,

உன் கடிதம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை வந்தது. நீ சொன்ன மேனேஜர் அந்தச் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்.

சமீருல்லாவோடு வந்து லைன் தலைப்பில் நின்றார். கத்தவில்லை. டிரேயை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு தைக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். குர்ஷித் அக்காவின் டிரேயில் நாலு ஜோடிகூட இல்லை. அக்கா முன்னால் போய், "உடம்பு முடியலையாம்மா? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. கொழந்த பொறந்ததும் வா, பாக்கலாம்" என்றார். நல்ல விதமாகத்தான் சொன்னார். அக்கா கத்தரிக்கோலை மிஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். எழுந்திருக்க என் தோளைத்தான் பிடித்துக்கொண்டார்.

அக்கா மாசமாக இருப்பது மேனேஜருக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் எனக்கும் புரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தேன். மறுநாள் கம்பெனி வண்டியில் ஷஹீன் பானு, "இன்னாடி, உன் காலேஜ் தோஸ்த்து ஜெயிச்சாளா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அவர்கள் கேட்டதே இல்லை. யாரும் திட்டவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். "உன் தோஸ்துக்கு ப்ரைஸ் கெடைச்சுதா?" என்றார். கிடைத்தது என்றேன். "அதாவது கெடைச்சுதே" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கேமரா ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். அது ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெர்சி. கம்பெனி அதை வாங்கி மாட்டுவதற்குள் அக்காவுக்குக் குழந்தையே பிறந்திருக்கும். நீ பேசியது மறுநாளே வந்து சேர்ந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். டிரேயில் நான் தைத்தது மட்டும்தான் இருந்தது. மத்தியானம் ஷஹீன் பானு எப்போதும்போல எனக்கு ஊறுகாய் வைத்தாள். மற்ற எல்லாம் எப்போதும்போலத்தான். டிரே மட்டும் அப்படி இல்லை.

உன்னைப் பேசு என்று சொன்னது நான்தான். எதைப் பேசு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழில்

வேலூர்
21.2.2025

என் எழிலுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சத்தியமாக நல்லது நடக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நான் ஆம்பூருக்கு வருகிறேன். அந்த சாரைப் பார்த்து, எல்லாம் நானாகக் கட்டியது, அப்படி எதுவும் அங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அக்காவைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் நடக்கும் அடுத்த சுற்றுக்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று வசந்திடம் சண்டை போட்டேன். "அத எடுத்துட்டா நம்மகிட்ட இன்னா இருக்கு மெர்சி?" என்கிறான். இப்போது அவனே என்னை முதலில் நிறுத்திப் பேசச் சொல்கிறான். நான் வரவில்லை என்று சொல்ல நினைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. இந்தத் தடவை கம்பெனி பேரும் ஊர்ப் பேரும் கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன்.

நீ என்னோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. திட்டியாவது எழுது. லைனில் என்ன நடக்கிறது, அக்கா எப்படி இருக்கிறார், எல்லாவற்றையும் எப்போதும்போல ஒன்று விடாமல் எழுது.

என்றும் உன்
மெர்சி

மாதனூர்
9.3.2025

அன்புள்ள மெர்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு அம்மா, அண்ணன், நான் அனைவரும் நலம். கம்பெனியில் வேலை நன்றாக நடக்கிறது. லைனில் எல்லாரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மு. எழிலரசி