உன் பேரு வச்ச எழுத்து

வலங்கைமான்
3 ஜூலை 2024

என் ஷிஃபாவுக்கு,

நலம்தானே? கூத்தாநல்லூர் வரைக்கும் வந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் சேதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பதிப்பகத்தின் முதல் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது! நம் அம்சவல்லி டீச்சர் நெல் ரகங்களைப் பற்றி எழுதியது. நீ வரைந்து என் பேரையே வைத்தாயே, அந்த ‘மதி’ எழுத்துருவில்தான் முழுப் புத்தகமும். அட்டையை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறேன், பார். உன் ‘ழ’வின் சுழியைப் பாராட்டாத ஆள் இல்லை.

உன்
மதிவதனி

சென்னை
4 ஜூலை

மதி,

முதலில் அச்சை நிறுத்து. பிறகு மற்றதைப் படி.

உரிமம் பார்த்தாயா? எழுத்துருவோடு ஒரு கோப்பு வைத்திருந்தேனே, அதைத் திறக்கவாவது செய்தாயா? வரைந்தது நான்தான், ஆனால் ‘மதி’ எங்கள் கம்பெனியின் சொத்து. ஒரு நாளிதழுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு யாரும் அச்சில் தொடக் கூடாது. உங்கள் வயலைக் குறுவைக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்தவர், கேட்காமல் சம்பாவும் நட்டால் உன் அப்பா சும்மா விடுவாரா? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷிஃபா

வலங்கைமான்
5 ஜூலை

ஷிஃபா,

அச்சடித்த தாளெல்லாம் தஞ்சாவூரில் பைண்டிங்குக்குப் போய்விட்டது. இப்போது வந்து நிறுத்து என்கிறாய்! எழுத்துருவை நீ எனக்கு அனுப்பிய அன்று ஃபோனில் என்ன சொன்னாய்? “உன் பேரு வச்ச எழுத்து, நீயே வச்சுக்கடி” என்றாய். நம் பக்கத்தில் “வச்சுக்க” என்று கொடுத்த பொருளுக்கு யாராவது பத்திரம் கேட்பார்களா? டீச்சர் ஊரெல்லாம் அழைப்பிதழ் கொடுத்துவிட்டார். அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? நீயே வந்து சொல்லு.

மதிவதனி

சென்னை
6 ஜூலை, சனி

மதி,

பார்த்துச் சந்தோஷப்படத்தான் “வச்சுக்க” என்றேன். நீ அதை அச்சடிக்க என்று எடுத்துக்கொண்டாய். அதை விடு. உன் அட்டையை ஆபீசில் பார்த்துவிட்டார்கள். “இது எப்படி வெளிய போச்சு? நீங்க குடுத்தீங்களா?” என்று மேலாளர் எல்லார் எதிரிலும் கேட்டார். திங்கட்கிழமை எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன் என்றால் வேலை போய்விடும். எங்கள் வீடு என் ஒருத்தி சம்பளத்தில்தான் ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். கொடுக்கவில்லை என்றால் நீ திருடி ஆகிவிடுவாய். அதை என் கையால் எழுத மாட்டேன். கொடுத்தேன் என்றுதான் எழுதப் போகிறேன். உன்மேல் கோபம் நிறைய இருக்கிறது, அது தனி.

ஷிஃபா

வலங்கைமான்
7 ஜூலை 2024

பெறுநர்: மேலாளர், எழுத்துரு நிறுவனம், சென்னை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் எழுத்துருவை எங்கள் நூலில் அனுமதியின்றிப் பயன்படுத்தியது முழுக்க என் தவறு. இணையத்தில் தேடிக் கிடைத்ததை, உரிமம் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். அட்டைப் படத்தை நீக்கிவிட்டேன். அச்சான தாள்கள் அனைத்தையும் இன்று காலை பழைய பேப்பருக்குப் போட்டாயிற்று. நூலை வேறு எழுத்துருவில், முறையாக உரிமம் வாங்கி, மறுபடி அச்சிடுகிறோம். வெளியீட்டு விழாவைத் தள்ளி வைத்துவிட்டோம்.

என் பெயரும் எழுத்துருவின் பெயரும் ஒத்திருப்பது தற்செயல். அதை வரைந்தவர் ஷிஃபா என்பதையே உரிமக் கோப்பை இன்று திறந்து படித்துத்தான் அறிந்தேன். அவரை எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மதிவதனி